ஒரு யூனிட்டையாவது ஆராய்ச்சிக்குத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார ஆராய்ச்சி என்று பேச்செடுத்தாலே சூரியத் தகடு, பேட்டரி, ஹைட்ரஜன் என்றுதான் கட்டுரைகள் வருகின்றன. நூறு வருடத்துக்கு மேலாக ஓடும் நீர்மின் நிலையத்தில் ஆராய இன்னும் என்ன மிச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். நிறையவே மிச்சம் இருக்கிறது. காற்றும் வெயிலும் ஏறி இறங்கும்போது மின்கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும் வேலை நீர்மின் யூனிட்டுகளின் (டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்த இயந்திரத் தொகுதிகளின்) தலையில் விழுகிறது. ஏறத்தாழ ஒரே லோடில் நாள்கணக்கில் ஓடுவதற்காக வடிவமைத்த டர்பைன், இப்போது ஒரே நாளில் பல தடவை நின்று கிளம்புகிறது. இதனால் அதன் ஆயுளில் எவ்வளவு கரைகிறது என்பதை ஓடுகிற நிலையத்தில்தான் அளக்க முடியும். ஆகவே இந்தக் கோரிக்கை: பல யூனிட்டுகள் உள்ள ஒவ்வொரு நிலையமும் அடுத்த பெரிய ஓவர்ஹாலின்போது ஒரு யூனிட்டையாவது அளவீட்டுக்குத் தயார் செய்து, ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

மாடல் டர்பைனை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தால் போதாதா என்று கேட்பார்கள். மாடல் சோதனைக்கு ஐஇசி 60193 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. மாடலில் கிடைத்த செயல்திறனைப் பெரிய இயந்திரத்துக்கு மாற்றிக் கணக்கிடும் வழியும் அதில் உண்டு. செயல்திறனுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் வெல்டிங் இணைப்பில் தங்கிவிட்ட இழுவிசையும், ஆற்று மணலின் அரிப்பும், ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் கரைந்துள்ள காற்றும், டர்பைனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கிலோமீட்டர் நீளக் குழாயான பென்ஸ்டாக்கில் முன்னும் பின்னும் ஓடும் அழுத்த அலையும் மாடலில் அப்படியே வந்துவிடாது. டர்பைனின் சுழலும் சக்கரமான ரன்னரில் விரிசல் விடுவதில் இந்தக் காரணங்களுக்குப் பங்கு உண்டு.

நிலையத்தையே ஆய்வுக்கூடமாக்குவது புதுப் பழக்கமும் இல்லை. ஜேம்ஸ் பிரான்சிஸ் தன் பெயரால் இன்று அழைக்கப்படும் டர்பைனைச் செம்மைப்படுத்தியது அமெரிக்காவின் லோவெல் நகரத்து ஆலைக் கால்வாய்களில். கிளெமன்ஸ் ஹெர்ஷல் 1880-களில் ஹோலியோக் கால்வாய்த் தண்ணீரிலேயே டர்பைன் சோதனைத் தொட்டி கட்டினார். வெஞ்சுரி மீட்டர் என்ற நீரோட்ட அளவி அவர் அங்கே செய்த வேலையிலிருந்து வந்ததுதான். சுவீடனின் வடக்கே லூலே ஆற்றின் மேலுள்ள போர்யுஸ் நிலையத்தில் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் என்றே யூனிட்டுகள் உண்டு. அவற்றில் 9-ஆம் யூனிட் 10 மெகாவாட் கப்லான், அதாவது பிளேடுகளைத் திருப்பக்கூடிய டர்பைன். நீர்மட்ட வித்தியாசம் சுமார் 55 மீட்டர், ரன்னர் விட்டம் 1.55 மீட்டர். அதே வடிவத்தை 3.1-இல் ஒரு பங்காகச் சுருக்கி ஆய்வுக்கூடத்திலும் ஓட்டி, இரண்டின் அழுத்த அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நார்வேயின் டொக்கே நிலையத்து டர்பைனைச் சுருக்கிச் செய்த மாடல்தான் 'பிரான்சிஸ்-99'. அதன் வடிவத்தையும் அளவுகளையும் டிரொன்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தார் உலகத்துக்கே பொதுவில் வைத்தார்கள். 2014, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் நடந்த பட்டறைகளில் பல நாட்டுக் குழுக்கள் தங்கள் கணினிக் கணக்கை அந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தன. கணக்கு எங்கே தவறுகிறது என்பது எல்லோருக்கும் வெளிச்சமானது.

சரி, நிலையத்தில் என்ன அளப்பது, எப்படி அளப்பது? முதலிடம் ரன்னர் பிளேடின் மேல் வரும் இழுவிசைக்கு. ஸ்ட்ரெய்ன் கேஜ் என்பது விரல் நகத்தைவிடச் சின்ன மெல்லிய உலோகத்தாள். அதை பிளேடில் ஒட்டினால் பிளேடு நீளும்போது அதுவும் நீளும். அதன் மின்தடை மாறும். ஒட்டும் இடத்தை முதலில் கணினிக் கணக்கில் தேடிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பிரான்சிஸ் ரன்னர்களில் தண்ணீர் வெளியேறும் விளிம்பு மேல்தட்டோடு சேரும் மூலைதான் அது. அங்கே பெயிண்டையும் துருவையும் சுரண்டி, நைசாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பசை காய்ந்ததும் இன்சுலேஷன் தடையைப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டவேண்டிய இடத்தில் குறைந்து காட்டினால் ஈரம் உள்ளே போய்விட்டது என்று பொருள். பிரித்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டியதுதான். பிறகு மேலே எப்பாக்சி பூசி, மேடு தெரியாமல் சரிவாக இழைக்க வேண்டும். மேடு இருந்தால் அதன் பின்னால் அழுத்தம் குறைந்து கேவிட்டேஷன் என்ற நீராவிக் குமிழி உண்டாகி, கேஜையே அரித்து எடுத்துவிடும்.

கேஜைவிட அதன் கேபிள்தான் சீக்கிரம் சாகிறது. பிளேடின் மேல் ஓடும் கேபிளை விடாமல் பூசி மூடி, மேல்தட்டில் துளையிட்டு உள்ளே இழுத்துவிட வேண்டும். கிளிப் வைத்து நிறுத்தினால் முதல் ஸ்டார்ட்டிலேயே பிய்ந்துவிடும். பதிவுக் கருவியை ரன்னரின் அடிக்கூம்புக்குள் வைக்கலாம். அல்லது ஷாஃப்ட் நடுத்துளை வழியாக கேபிளை மேலே கொண்டுபோய், அளவுகளைக் கம்பியில்லாமல் அனுப்பும் டெலிமெட்ரி வைக்கலாம். கூம்புக்குள் வைத்தால் பேட்டரி தீர்ந்தால் தீர்ந்ததுதான். தண்ணீரை வடித்தால்தான் திரும்பத் தொட முடியும். எதுவானாலும் ஒரே இடத்துக்கான கேஜை குறைந்தது இரண்டு பிளேடுகளில் ஒட்ட வேண்டும். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். இரண்டும் பிழைத்தால், வார்ப்பில் பிளேடுக்குப் பிளேடு உள்ள வித்தியாசமும் தெரிந்துவிடும்.

ஆராய்ச்சிக் குழுக்கள் அதிகம் கோட்டை விடுவது நேர ஒத்திசைவில். ரன்னருக்குள் இருக்கும் பதிவுக் கருவியின் கடிகாரமும் வெளியே அழுத்தம், லோடு, கைடு வேன் (ரன்னருக்குள் தண்ணீரை விடும், திறந்து மூடும் தகடு) திறப்பு ஆகியவற்றைப் பதியும் கருவியின் கடிகாரமும் சிறிது சிறிதாக விலகிக்கொண்டே போகும். ஒரு மணி நேரம் கழித்து எந்த அழுத்த உதறலுக்கு எந்த இழுவிசை என்று சேர்க்கவே முடியாது. சுற்றுக்கு ஒரு துடிப்பு தரும் சென்சாரை ஷாஃப்டில் வைத்து, அந்தத் துடிப்பை இரண்டு பக்கமும் பதிந்தால் தீர்ந்தது. பூஜ்ய அளவையும் மூன்று முறை எடுத்து வைக்க வேண்டும்: தண்ணீர் நிரப்புமுன், நிரப்பிய பின், எல்லாச் சோதனையும் முடிந்து நின்ற பின். இது இல்லாவிட்டால் சராசரி இழுவிசையை நம்ப முடியாது. ஏற்ற இறக்கம் மட்டும்தான் மிஞ்சும்.

பதிவு வேகம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 300 சுற்று ஓடும் யூனிட் நொடிக்கு 5 சுற்று சுற்றும். 24 கைடு வேன்கள் இருந்தால் ஒவ்வொரு பிளேடும் நொடிக்கு 120 தடவை ஒரு வேனைக் கடக்கும். அதன் மடங்குகளையும் பிடிக்க நொடிக்கு இரண்டாயிரம் அளவுகளாவது வேண்டும். குறைந்த லோடில், ரன்னரைக் கடந்த தண்ணீர் வெளியேறும் டிராஃப்ட் டியூபில் கயிறு போல முறுக்கிக்கொண்டு ஆடும் நீர்ச்சுழல் இதற்கு நேர்மாறாக மெதுவானது. அதன் வேகம் பொதுவாக ரன்னர் வேகத்தில் 0.2 முதல் 0.4 பங்கு. நம் உதாரணத்தில் அது 1 முதல் 2 ஹெர்ட்ஸ். ஆனால் சுற்றும் பிளேடின் மேல் இருந்து பார்த்தால் ரன்னர் வேகத்தைக் கழித்துக் காண வேண்டும், 1.5 ஹெர்ட்ஸ் சுழல் அங்கே 3.5 ஹெர்ட்ஸாகத் தெரியும். இதை மறந்து, இல்லாத ஒத்ததிர்வைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. 300 ஹெர்ட்ஸில் ஒரு கூரான கோடு தெரிந்தாலும் அவசரப்படக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் கட்டமைப்பில் அது ஜெனரேட்டருக்குக் காந்தப்புலம் தரும் எக்சைட்டேஷன் மின்சுற்றிலுள்ள தைரிஸ்டரின் மின் இரைச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கேபிளின் கவசத்தை இரண்டு முனையிலும் எர்த் செய்திருந்தால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

சோதனை வரிசை இப்படி இருக்கலாம்: குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட், முழுவேகத்தில் லோடு இல்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம், சிங்க்ரனைஸ் (மின்கட்டமைப்போடு இணைத்தல்), பத்து பத்து சதவீதமாக லோடு ஏற்றம், அதே படிகளில் இறக்கம், கடைசியில் 25, 50, 75, 100 சதவீதத்தில் லோடு ரிஜெக்ஷன் (லோடைத் திடீரென்று துண்டித்தல்). லோடு இல்லாத முழுவேக ஓட்டத்தைத் தவிர்க்கவே கூடாது. அப்போது ஷாஃப்டுக்குப் போக வழியில்லாத ஆற்றல் எல்லாம் ரன்னருக்குள்ளேயே கொந்தளிப்பாகச் செலவாகிறது. பல இயந்திரங்களில் பிளேடு அதிகம் உதறுவது முழு லோடில் அல்ல, இந்த வெற்றோட்டத்தில்தான். ஸ்டார்ட் ஆகும்போது கைடு வேனை எவ்வளவு, எந்த வேகத்தில் திறக்கிறோம் என்பதை மாற்றினாலே ரன்னர் சேதம் கணிசமாகக் குறைகிறது என்று ஹைட்ரோ-கியூபெக் ஆராய்ச்சி நிலையத்தார் நிலைய அளவீடுகளிலிருந்து காட்டியிருக்கிறார்கள். இரும்பைத் தொடாமல், டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அமைப்பில் சில எண்களை மாற்றிக் கிடைக்கும் ஆயுள் அது.

இந்த அளவீட்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்யாவின் சயானோ-சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம் சாட்சி. 2009 ஆகஸ்ட் 17 அன்று அங்கே 640 மெகாவாட் கொண்ட 2-ஆம் யூனிட்டின் மேல்மூடி போல்ட்டுகள் அறுந்தன. யூனிட் மேலே தூக்கி எறியப்பட்டது. தண்ணீர் இயந்திரக் கூடத்தில் புகுந்து 75 பேர் இறந்தார்கள். ஆய்வு செய்த 49 போல்ட்டுகளில் 41-இல் ஏற்கெனவே ஃபெட்டீக் விரிசல், அதாவது மறுபடி மறுபடி இழுபட்டு வரும் விரிசல், இருந்தது. கட்டமைப்பின் ஏற்ற இறக்கத்தை ஈடுகட்டும் வேலையில் அந்த யூனிட் ஓடக்கூடாத லோடு மண்டலத்தைத் திரும்பத் திரும்பக் கடந்துகொண்டிருந்தது. அதிர்வு அளவு எல்லையைத் தாண்டியிருந்தும் யூனிட் நிற்கவில்லை.

அடுத்தது தண்ணீரின் அளவு. அழுத்தம், மின்சாரம், சுற்றுவேகம் எல்லாம் சுலபமாகத் துல்லியமாக வந்துவிடும். ரன்னர் வழியாக நொடிக்கு எத்தனை கனமீட்டர் போகிறது என்பதுதான் தலைவலி. நிலையச் சோதனைக்கான ஐஇசி 60041 தரம் பல முறைகளை ஏற்கிறது. நீர்மட்ட வித்தியாசம் 100 மீட்டருக்கு மேல் என்றால் வெப்பநிலை முறையில் தண்ணீரின் அளவைத் தெரிந்துகொள்ளாமலே செயல்திறனைக் காணலாம். 100 மீட்டர் விழும் தண்ணீரின் ஆற்றல் முழுவதும் வெப்பமானால் வெப்பநிலை 0.234 டிகிரி உயரும். டர்பைன் 90 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் மிச்சம் 0.023 டிகிரிதான். செயல்திறனில் ஒரு சதவீதப் பிழை என்பது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. நுழைவாயிலில் வெயில் பட்டுச் சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் சரியாகக் கலக்காமல் வந்தால் அளவீடு அத்தனையும் வீண். அதனால் வெப்பநிலை நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டும்.

நீண்ட பென்ஸ்டாக் இருந்தால் கிப்சன் முறை நல்லது. கைடு வேனை மூடும்போது எழும் அழுத்த உயர்வை இரண்டு இடங்களுக்கு இடையே பதிந்து, அந்த வரைபடத்தின் கீழுள்ள பரப்பிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். இரண்டு இடங்களுக்கும் இடையே 10 மீட்டராவது வேண்டும். மீட்டரில் அந்த நீளத்தை, நொடிக்கு மீட்டரில் நீரின் சராசரி வேகத்தால் பெருக்கினால் 50-க்குக் குறையக் கூடாது. மூடிய பிறகும் கைடு வேன் இடுக்கில் கசியும் தண்ணீரைத் தனியே அளந்து கூட்ட வேண்டும். அழுத்தக் குழாயில் ஒரு காற்றுக் குமிழி மாட்டினாலும் வரைபடம் கெட்டுவிடும். ரன்னரைச் சுற்றித் தண்ணீரைப் பகிர்ந்துவிடும் சுருள் குழாயான ஸ்பைரல் கேசிங்கின் உள்வளைவு, வெளிவளைவு அழுத்த வித்தியாசத்தைப் பார்க்கும் வின்டர்-கென்னடி முறை மலிவானது, வருடம் முழுக்க ஓடக்கூடியது. ஆனால் அது ஒப்பீடு மட்டுமே தரும். வேறொரு முறையால் அதன் மாறிலியைக் கட்டிவைக்காமல், அதில் வந்த எண்ணை நேரடி ஓட்டம் என்று அறிக்கையில் எழுதுவது தவறு.

மணல் அரிப்பு ஆராய்ச்சிக்கும் நிலையம்தான் இடம். சுவிட்சர்லாந்தின் பீஷர்தால் நிலையம் பனியாற்றுத் தண்ணீரில் ஓடுவது; இரண்டு பெல்டன் யூனிட் (தண்ணீர்த் தாரை சக்கர விளிம்பிலுள்ள வாளிகளில் மோதிச் சுழற்றும் வகை), மொத்தம் 64 மெகாவாட். சூரிச் தொழில்நுட்பக் கழகமும் லூசர்ன் குழுவும் அங்கே 2012 முதல் பல வருடம் தண்ணீரிலுள்ள மணலையும் வாளிகளின் தேய்மானத்தையும் சேர்த்தே அளந்தன. ஒரு கருவியை மட்டும் நம்பாததுதான் அந்த வேலையின் சிறப்பு. கலங்கல் அளவி நுண்துகளுக்கு அதிகமாகவும் பெருமணலுக்குக் குறைவாகவும் காட்டும். லேசர் கருவி துகள் அளவைச் சொல்லும், ஆனால் கலங்கல் அதிகமானால் குருடாகிவிடும். அடர்த்தி அளவி அதிகக் கலங்கலில்தான் நன்றாக வேலை செய்யும். 2012 ஜூலைத் தொடக்கத்து வெள்ளத்தில் லிட்டருக்கு சுமார் 50 கிராம் வரை போன அந்த ஓர் இரவு, வாளிகளின் நடு விளிம்பைத் தேய்த்த அளவு பெரிது. கலங்கல் உச்சத்தில் சில மணி நேரம் யூனிட்டை நிறுத்துவதா, ஓட்டுவதா என்ற கேள்விக்கு ஊகத்தை விட்டு எண்ணால் பதில் சொல்ல இப்படிப்பட்ட அளவீடு வேண்டும்.

மீன்கள் விஷயத்தில் கொலம்பியா, ஸ்னேக் ஆற்று அணைகளில் நடக்கும் வேலையைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தார் 9 சென்டிமீட்டர் நீளமும் 42 கிராம் எடையும் உள்ள ஒரு 'சென்சார் மீன்' செய்தார்கள். அதை டர்பைனுக்குள் விட்டால் அழுத்தம், மோதல், சுழற்சி மூன்றையும் நொடிக்கு 2048 தடவை பதிந்துகொண்டே போகும். வெளியே வந்ததும் எடைகள் கழன்று விழுந்து மேலே மிதக்கும். விளக்கு மினுக்கி, ரேடியோ ஒலி கொடுத்து, படகில் இருப்பவர்களுக்குத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். மீனின் காற்றுப்பை வெடிப்பது பிளேடுக்குக் கீழே அழுத்தம் சட்டென்று சரியும் இடத்தில் என்பதால், அந்த ஒரு நொடிக்கும் குறைவான பதிவுதான் புதிய ரன்னர் வடிவத்துக்கு ஆதாரம்.

நீர்த்தேக்கத்திலிருந்து வெளியேறும் மீத்தேன் வாயுவை அளப்பதற்கு பிரெஞ்சு கயானாவின் பெட்டிட் சோ அணை உதாரணம். 1994-இல் நிரம்பத் தொடங்கியதிலிருந்தே அங்கே அளந்து வருகிறார்கள். ஆழத்து நீர் டர்பைனைக் கடந்து அழுத்தம் குறையும்போது வாயு பிரிந்து போகிறது. ஆகவே டர்பைனுக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டும். முன்மாதிரியை பென்ஸ்டாக் குழாயிலிருந்து, அழுத்தம் குறையாமல் மூடிய பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். வாளியில் பிடித்தால் வாயு அங்கேயே போய்விடும்.

கட்டமைப்பு சார்ந்த சோதனைகளும் நிலையத்தில்தான் முடிவாகின்றன. 2019-இல் தொடங்கிய ஐரோப்பிய எக்ஸ்ஃப்ளெக்ஸ் ஹைட்ரோ திட்டம் ஓடும் நிலையங்களையே சோதனைக்களம் ஆக்கியது. பிரான்ஸின் வோகெல்குரூனில் கப்லான் யூனிட்டோடு பேட்டரியைச் சேர்த்து, சின்னச் சின்ன அதிர்வெண் அசைவுகளைப் பேட்டரி பார்த்துக்கொள்ள விட்டார்கள். பிளேடு திருப்பும் பொறியின் தேய்மானம் குறைவதுதான் நோக்கம். போர்த்துகலின் ஃபிராதெஷ் 2-இல் வேகம் மாறும் 390 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு. பிரான்ஸின் கிரான் மெசோனில் ஒரு பக்கம் பம்ப் ஓட, மறுபக்கம் டர்பைனும் ஒரே நேரத்தில் ஓடுகிறது.

நிலைய நிர்வாகங்கள் தயங்குவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. சோதனைக்காக யூனிட் நின்றால் உற்பத்தி இழப்பு; அளவுக்கு மீறிச் சோதித்து ஏதாவது உடைந்தால் பொறுப்பு யாருக்கு என்ற பயம். இரண்டுக்கும் ஒப்பந்தத்திலேயே வழி செய்யலாம். தண்ணீர் குறைந்து யூனிட் எப்படியும் நிற்கும் பருவத்தில் தேதி வைக்கலாம். யூனிட்டை நிறுத்தும் அதிகாரம் ஷிப்ட் பொறியாளர் ஒருவருக்கே என்று எழுதிவைக்க வேண்டும். எந்தப் பேராசிரியர் சொன்னாலும் அதிர்வு எல்லை தாண்டினால் அவர் டிரிப் செய்வார், காரணம் சொல்லத் தேவையில்லை. டர்பைன் தயாரித்தவர் வடிவ ரகசியத்தைக் காட்டித் தடுப்பார். அழுத்தமும் இழுவிசையும் வடிவத்தைக் காட்டிக்கொடுக்காது, அவற்றைத் தரலாம். சராசரிப்படுத்திய அழகான வரைபடங்களோடு நிறுத்தாமல் மூலப் பதிவுகளையும், செத்துப்போன கேஜ்களின் பட்டியலையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அடுத்த குழு அதே மூலையில் அதே பசையை நம்பி ஏமாறாமல் இருக்க அந்தப் பட்டியல்தான் உதவும்.

கடைசியாக, ஓவர்ஹாலில் செய்தே ஆகவேண்டிய ஒரு சின்ன வேலை. பென்ஸ்டாக் முடிவிலும் டிராஃப்ட் டியூபிலும் ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் நான்கு அழுத்தத் துளைகள் போட்டுவிடுங்கள். துளை 3 முதல் 6 மில்லிமீட்டர். நீளம் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது. உள்விளிம்பில் பிசிறு இருக்கக் கூடாது. விரலால் தடவிப் பாருங்கள். மேல் உச்சியில் துளை வேண்டாம், காற்று சேரும். அடியிலும் வேண்டாம், வண்டல் அடைக்கும். நான்கையும் ஒரே குழாயில் சேர்த்துவிடாமல் தனித்தனி வால்வு வையுங்கள். ஒன்று மட்டும் விலகிக் காட்டினால் அப்போதுதான் தெரியும். ரன்னர் வெளியே இருக்கும்போதே ஷாஃப்ட் நடுத்துளைக்குள் ஒரு இழுகம்பியும் போட்டுவையுங்கள். தண்ணீர் திறந்த பிறகு இந்த வேலைகளுக்கு அடுத்த ஓவர்ஹால் வரை காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீர்மின் அளவீட்டுத் துறையைச் சேர்ந்த வாசகர்